புதிய விடயத்துக்குப் புதிய மடல்

கடந்த தவணையில் ஒரு சனிக்கிழமை. பிற்பகல் இரண்டு மணியாவதற்குக் கால் மணி நேரம் இருக்கையில் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தன் வாப்பாவுடன் பாடசாலை வாசலில் வந்து நின்றாள். அவளுடைய ஊரிலிருந்து இங்கு வர இரண்டு பஸ் ஏற வேண்டும். தகவல் தொழினுட்பப் பாடத்தின் செய்முறை வகுப்பு இரண்டு மணிக்கு என்று நம்பி வந்தவளிடம், வகுப்பு காலையிலேயே முடிந்துவிட்டது என்று காவலாளி சொன்னார். அவளுடைய வாப்பா மேசன் வேலை செய்பவர். மகளைத் தனியே அனுப்ப மனமில்லாமல் அன்றைய நாட்கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். இருவரும் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள்.

வகுப்பு காலை எட்டு மணிக்கு மாற்றப்பட்டதை எல்லோருக்கும் அறிவிக்கும் பொறுப்பு என்னிடம்தான் தரப்பட்டிருந்தது. எங்கள் வகுப்புக்கென்று ஒரு குழு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதற்கு ஒரு மடல் அனுப்பினால் வகுப்பில் உள்ள அனைவருக்கும் போய்ச் சேரும். வியாழக்கிழமை மாலையே நான் அனுப்பியும் விட்டேன். திங்கட்கிழமை அவள் வந்து, "எனக்கு ஒண்டும் வரல்லகா" என்றபோது எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. "அனுப்பினேனே, இஞ்ச பாரு" என்று உம்மாவின் போனைத் திறந்து காட்டினேன். அவள் தன் வாப்பாவின் போனில் வந்திருந்த மடல்களைக் காட்டினாள். அங்கே என் மடல் இல்லை. நான் அனுப்பியதும் உண்மை, அவள் காணாததும் உண்மை. இது எப்படி நடந்தது என்று தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுதும் நிலைக்கு வந்தேன்.

நடந்தது இதுதான். அன்று நான் அவசரத்தில் இருந்தேன். புதிய மடல் ஒன்றைத் திறந்து முகவரி எழுதச் சோம்பல்பட்டு, கடைசியாக வந்திருந்த மடலைத் திறந்து 'ரிப்ளை'யை அழுத்தி, நேரம் மாறிய செய்தியை அதிலேயே எழுதிவிட்டேன். அந்தப் பழைய மடலின் தலைப்பு 'தரவுத்தளம் - மூன்றாம் பாடக் குறிப்பு' என்பது. டீச்சர் குறிப்பை அனுப்பியதும் ஒவ்வொருவராக "நன்றி டீச்சர்", "நன்றி டீச்சர்" என்று எல்லோருக்கும் பதில் எழுதியிருந்தோம். தோழியின் வாப்பா வேலைத்தளத்தில் நிற்கும் நேரமெல்லாம் போன் ஒலித்துக்கொண்டே இருந்ததாம். எனவே அவள் அந்த உரையாடலை மட்டும் 'மியூட்' செய்து வைத்திருந்தாள். அப்படிச் செய்தால் அதே உரையாடலில் அதன் பின்னர் வருபவை இன்பொக்ஸின் முகப்புக்கு வருவதில்லை. குறிப்பு கிடைத்துவிட்டது, இனி அந்தத் தலைப்பின் கீழ் வருவதெல்லாம் நன்றிதானே என்று அவள் நினைத்தது நியாயம். நன்றிகளின் நடுவே நேர மாற்றத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

வீட்டில் இதைச் சொல்லிக் கவலைப்பட்டபோது எங்கள் மூத்தாப்பா சிரித்தார். அவர் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். மின்னஞ்சல் அனுப்பத் தெரியாதவர். ஆனால் நான் சொல்லி முடிக்குமுன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

"புள்ள, பழைய கோவையில புதுக் கடிதத்தைப் போட்டிருக்காய். பிறகு எவன் பார்ப்பான்?" என்றார்.

பிறகு அலுமாரியைத் திறந்து ஓர் அரசாங்கக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். நம் வீடுகளில் எல்லாம் இப்படி ஒரு கடிதமாவது இருக்கும். அதன் தலையில் மூன்று மொழிகளிலும் 'எனது இல.', 'உமது இல.', 'திகதி' என்று அச்சிடப்பட்டிருக்கும். எத்தனையோ தடவை பார்த்திருந்தும் அவை எதற்காக என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. 'எனது இல.' என்பது இந்தக் கடிதம் எழுந்த கோவையின் இலக்கம். 'உமது இல.' என்பது எந்தக் கடிதத்துக்கு இது பதிலோ, அந்தக் கடிதத்தில் இருந்த இலக்கம். தபால் வந்ததும் அதைப் பிரிப்பவர் முழுக் கடிதத்தையும் வாசித்துக்கொண்டிருக்கமாட்டார். 'உமது இல.' என்னவென்று பார்ப்பார், அந்தக் கோவையை எடுப்பார், அதில் சேர்ப்பார். காணிப் பிரச்சினைக்குப் பதில் எழுதும் ஒருவர் அதே தாளின் அடியில் "மேலும், எங்கள் வீதி விளக்கும் எரிவதில்லை" என்று எழுதினால், அந்த விளக்கு காணிக் கோவைக்குள் போய்விடும். வீதி விளக்கைப் பார்க்கும் மேசைக்கு அது போகவே போகாது. "அதுக்குத்தான் அந்தக் காலத்திலேயே சொல்லித் தருவாங்க, ஒரு கடிதத்தில ஒரு விசயம் எண்டு" என்றார் மூத்தாப்பா.

மறுநாள் டீச்சரிடம் இதைச் சொன்னதும் அவர் ஆய்வுகூடத்துக் கணினியில் எனக்கு ஒன்றைக் காட்டினார். நீங்களும் செய்து பார்க்கலாம். கணினியில் ஜீமெயிலைத் திறந்து, ஏதாவதொரு மடலின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தினால் 'ஷோ ஒரிஜினல்' என்றொரு தெரிவு வரும். அதை அழுத்தினால், நாம் வழக்கமாகக் காணாத மடலின் தலைப்பகுதி முழுவதும் தெரியும். பார்த்தவுடன் பயமாக இருக்கும். ஆனால் அதில் மூன்று வரிகளை மட்டும் தேடுங்கள். 'மெசேஜ் ஐடி' என்பது அந்த மடலுக்கே உரிய இலக்கம், உலகில் வேறெந்த மடலுக்கும் அது இருக்காதபடி அமைக்கப்படுவது. 'இன் ரிப்ளை டு' என்பது இது எந்த மடலுக்குப் பதிலோ அந்த மடலின் இலக்கம். 'ரெபரன்சஸ்' என்பது அதற்கு முன் வந்த மடல்களின் இலக்கங்கள் வரிசையாக. மூத்தாப்பாவின் 'எனது இல.', 'உமது இல.' இரண்டும் அங்கே அப்படியே இருந்தன! 1982ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எப்.சி. 822 என்ற மின்னஞ்சல் அமைப்பு விதியிலேயே இந்த மூன்று வரிகளும் இடம்பெற்றுவிட்டன.

ஆகவே, 'ரிப்ளை' என்ற பொத்தான் வெறுமனே முகவரியை நிரப்பித் தரும் வசதி அல்ல. அதை அழுத்துவது கடிதத்தின் தலையில் 'உமது இல.' எழுதுவதற்குச் சமம். "இது அந்தப் பேச்சின் தொடர்ச்சி, அதோடு சேர்த்து வையுங்கள்" என்று நாம் கையெழுத்திட்டுச் சொல்கிறோம். நம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் பெறுபவரின் கருவி அதை வாசித்து, சொன்னபடியே பழைய கோவையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

"சரி, ரிப்ளையை அழுத்திவிட்டுத் தலைப்பை மட்டும் மாற்றினால் போதாதா?" என்று நான் கேட்டேன். சில இடங்களில் போதும், சில இடங்களில் போதாது. ஜீமெயில் தலைப்பு மாறினால் அதைப் புதிய உரையாடலாகப் பிரித்துக் காட்டும். தண்டர்பேர்ட் போன்ற மென்பொருள்களோ தலைப்பைவிட உள்ளே உள்ள இலக்கங்களையே நம்புபவை, எனவே தலைப்பை மாற்றினாலும் மடல் பழைய மடலின் கீழேயே போய் நிற்கும். நம் மடலைப் பெறும் முப்பது பேரும் எந்தக் கருவியில் வாசிக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எனவே புதிய விடயம் என்றால் புதிய மடலைத் திறந்து, முகவரியைப் புதிதாக எழுதி அனுப்புவதே பிழைக்கு இடமில்லாத வழி. அதற்கு அரை நிமிடம் போகும். எனக்கு அந்த அரை நிமிடம் அன்று பெரிதாகத் தெரிந்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. பழைய பேச்சுக்குப் பதில் சொல்லும்போது புதிய மடல் திறக்கக் கூடாது. "ஆம், அதுதான் சரி" என்று தலைப்பில்லாமல் ஒரு மடல் தனியே வந்து விழுந்தால், எது சரி, யார் கேட்டது என்று யாருக்குத் தெரியும்? ஒரு பேச்சு வளர்ந்து வளர்ந்து வேறொன்றாகிவிடும் சந்தர்ப்பங்களும் வரும். தரவுத்தளத்தைப் பற்றித் தொடங்கிய கேள்வி பரீட்சை அட்டவணைக்கு வந்து நிற்கும். அப்போது புதிய தலைப்பை எழுதி, அடைப்புக்குறிக்குள் 'முன்னர்: தரவுத்தளக் குறிப்பு' என்று பழைய தலைப்பையும் சேர்த்துவிடும் வழக்கம் மின்னஞ்சல் குழுக்களில் நீண்ட காலமாக இருக்கிறது. வழி பிரிந்த இடத்தைக் காட்டும் கைகாட்டி மரம் போன்றது அது.

பதில் மடல்களின் தலைப்பில் ஆர், ஈ என்று இரண்டு ஆங்கில எழுத்துகளும் முக்காற்புள்ளியும் தானாகவே வந்துவிடுகின்றன அல்லவா? அது 'ரிப்ளை'யின் சுருக்கம் என்றே நான் நினைத்திருந்தேன். உண்மையில் அது இலத்தீன் மொழியிலிருந்து வந்தது, 'இந்த விடயம் தொடர்பாக' என்று பொருள். அலுவலகக் கடிதங்களில் விளித்த பின்னர் அடிக்கோடிட்டு எழுதும் விடயத் தலைப்பின் வேலையும் அதுதானே. 1971இல் ரே டொம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பினார் என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் மின்னஞ்சல் என்ற கட்டடத்தின் கற்களில் பாதி, அதற்கும் முந்திய கடிதக் கந்தோர்களிலிருந்து எடுத்துவரப்பட்டவை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

இனித் தலைப்பைப் பற்றி. புதிய மடலைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது, அதற்குப் பெயர் வைக்க வேண்டும். எங்கள் குழுவின் பழைய மடல்களைப் புரட்டிப் பார்த்தேன். 'அவசரம்', 'முக்கியம்', 'உதவி', 'ஒரு சந்தேகம்', மீண்டும் 'ஒரு சந்தேகம்', தலைப்பே இல்லாதவை சில. ஒரு மாதம் கழித்துப் பரீட்சைக்குப் படிக்கும்போது எந்தச் சந்தேகத்தில் எந்த விடை இருக்கிறது என்று எப்படித் தேடுவது? 'அவசரம்' என்பது அனுப்புபவரின் நிலை. பெறுபவருக்குத் தேவை விடயம்.

இதில் தமிழுக்கென்றே ஒரு சிக்கல் இருப்பதையும் கவனித்தேன். நம் மொழியில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வரும். போன் திரையிலோ தலைப்பின் முதல் சில சொற்கள் மட்டுமே தெரியும். 'எதிர்வரும் சனிக்கிழமை நடைபெறவிருந்த செய்முறை வகுப்பு தவிர்க்க முடியாத காரணங்களினால் இரத்துச் செய்யப்பட்டுள்ளது' என்பது பிழையில்லாத, மரியாதையான தமிழ். ஆனால் திரையில் தெரிவது 'எதிர்வரும் சனிக்கிழமை நடைபெற...' என்பது மட்டும்! வகுப்பு இருக்கிறது என்று எண்ணிப் பிள்ளை புறப்பட்டுவிடும். நாம் மேடைப் பேச்சிலும் கட்டுரையிலும் பழகிய நடை இது, தலைப்பு வரிக்குப் பொருந்தாது. அங்கே கடைசிச் சொல்லை முதலில் கொண்டுவர வேண்டும். 'இரத்து: சனிக்கிழமை செய்முறை வகுப்பு'. 'நேர மாற்றம்: சனி வகுப்பு காலை 8.00'. 'சந்தேகம்: இரண்டு அட்டவணைகளை இணைப்பது எப்படி?' இலக்கணம் கொஞ்சம் முறிந்தாலும் பரவாயில்லை, பஸ் கட்டணம் மிஞ்சும்.

எழுத்துருவையும் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்கிறார்கள். எழுத்துருவை மாற்றும் வசதி மடலின் உடலில் இருக்கலாம், தலைப்பு வரியில் இல்லை. பாமினியில் தட்டியதை அங்கே ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த ஒரு குழப்பமே போய்ச் சேரும். யுனிகோடில் எழுதினால் எந்தப் போனிலும் தமிழாகத் தெரியும், பின்னர் தேடவும் முடியும்.

அடுத்து ஸலாம். இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். மடலை ஸலாத்துடன் தொடங்குவது நம் பழக்கம், நல்ல பழக்கம். ஆனால் "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று மட்டும் குழுவுக்கு அனுப்பிவிட்டு விடயத்தைச் சொல்லாமல் காத்திருப்பவர்களும் நம்மில் உண்டு. ஒருவர் ஸலாம் சொல்ல, முப்பது பேர் பதில் ஸலாம் சொல்ல, அவர் கேட்க வந்த கேள்வி அதற்கும் கீழே எங்கோ கிடக்கும். நேரில் என்றால் ஸலாம் சொல்லி, முகத்தைப் பார்த்து, பிறகு பேசலாம். எழுத்தில் முகம் இல்லை. எனவே ஸலாத்தையும் விடயத்தையும் ஒரே மடலில் எழுதிவிட வேண்டும். தனிப்பட்ட நன்றியையும் சுகவிசாரிப்பையும் அந்த ஒருவருக்கே அனுப்பலாம். அன்று நாங்கள் டீச்சருக்கு மட்டும் நன்றி எழுதியிருந்தால் தோழிக்கு அந்த உரையாடலை மியூட் செய்யும் தேவையே வந்திராது. ஆக, பிழை எனது மட்டுமல்ல என்று நான் மெல்ல நழுவப் பார்க்கிறேன் என எண்ண வேண்டாம்!

ஒரு குழுவில் புதிதாகச் சேர்ந்தவர் எப்போது முதல் மடலை எழுதலாம்? 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் இன்டெல் நிறுவனத்தைச் சேர்ந்த சாலி ஹாம்பிரிட்ஜ் என்ற பெண்மணி தொகுத்த ஆர்.எப்.சி. 1855 என்ற இணையப் பண்பாட்டு வழிகாட்டி இதற்கு விடை சொல்கிறது. எதையும் எழுதுமுன் ஒன்று முதல் இரண்டு மாதம் வரை குழுவில் வருவதை வாசித்து, அங்குள்ளவர்களின் போக்கை அறிந்துகொள்ளும்படி அது கூறுகிறது. இரண்டு மாதமா என்று நானும் மலைத்தேன். பரீட்சைக்குப் படிக்கும் எங்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, வகுப்புக் குழுவுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் அதன் உட்கருத்து நமக்குப் புதியதன்று. பெரியவர்கள் இருக்கும் சபைக்குள் நுழையும் பிள்ளை முதலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து என்ன பேசுகிறார்கள் என்று கேட்கும் அல்லவா? குறைந்தபட்சம், நாம் கேட்கப் போவதை முன்னரே யாராவது கேட்டு விடை பெற்றிருக்கிறார்களா என்று பழைய மடல்களில் தேடிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். அதே கையேடு, முழுவதும் பெரிய ஆங்கில எழுத்துகளில் எழுதுவது கத்துவதைப் போல இருக்கும் என்றும், கோபமாக எழுதியதை ஓர் இரவு கழித்து அனுப்புவது நல்லது என்றும் சொல்கிறது. இது எழுதப்பட்டபோது நாங்கள் யாரும் பிறந்திருக்கவில்லை!

கேள்வியைக் கேட்கும் முறையிலும் ஒரு மரியாதை இருக்கிறது. "எனக்கு இந்தக் கணக்கு வரல்ல, யாராவது சொல்லுங்க" என்பது கேள்வி அல்ல. எந்தக் கணக்கு, எதுவரை செய்தேன், எந்த இடத்தில் நின்றுவிட்டேன் என்று மூன்று வரி எழுதினால், பதில் சொல்பவர் அந்த இடத்திலிருந்தே தொடங்கலாம். பல தடவைகளில் அந்த மூன்று வரிகளை எழுதிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விடை தெரிந்திருக்கிறது, மடலை அனுப்பாமலே அழித்திருக்கிறேன். விடை கிடைத்த பின்னர், எது சரியாக வந்தது என்று அதே உரையாடலில் ஒரு வரி எழுதி வைப்பது, அடுத்த வருடம் அதே இடத்தில் தடுக்கி விழப்போகும் தங்கைக்கு உதவும். கேட்பதில் நாங்கள் சுறுசுறுப்பு, இதில் மட்டும் மறதி.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எங்களில் பலருக்குச் சொந்தப் போன் இல்லை. வகுப்பு மடல்கள் வருவது உங்கள் போனுக்குத்தான். வட்ஸ்அப்பில் கோவைகளே கிடையாது, எல்லாச் செய்திகளும் ஒரே ஆற்றில் போகின்றன. அங்கே பழைய செய்தியைப் பிடித்துப் பதில் எழுதுவது பதிலுக்கு மட்டும் இருக்கட்டும். புதிய விடயம் என்றால் முதல் வரியிலேயே அது என்னவென்று எழுதுங்கள். பிள்ளையின் பெயரும் வகுப்பும் அதில் இருந்தால் ஆசிரியைக்கு இன்னும் இலகு.

அன்று மாலை நான் தோழிக்கும் குழுவுக்கும் ஒரு மடல் எழுதினேன். இம்முறை புதிய மடல், புதிய தலைப்பு. 'மன்னிப்பு: நேர மாற்றத்தை நான் பிழையான மடலில் அறிவித்தது'. நடந்ததை ஒளிக்காமல் எழுதி, அவளுடைய வாப்பாவிடம் என் ஸலாத்தைச் சொல்லும்படியும் கேட்டிருந்தேன். இரவு அவளிடமிருந்து பதில் வந்தது. "பரவாயில்லகா. வாப்பா ஒண்டும் சொல்லல்ல. வாற சனிக்கிழமை எத்தன மணிக்கு எண்டு மட்டும் கேக்கச் சொன்னார்."

மன்னிப்பு மடலுக்குள் சனிக்கிழமை நேரம்! சிரித்துக்கொண்டே நான் அந்த மடலை மூடினேன். புதிய மடல் ஒன்றைத் திறந்து, குழுவின் முகவரியை எழுதி, தலைப்பில் 'சனி வகுப்பு: பிற்பகல் 2.00, மாற்றமில்லை' என்று எழுதி அனுப்பினேன்.